அதே குரலில் ஒரு மறுப்பு

செசீலியாவை முகத்தால் அறிந்தவர்களைவிடக் குரலால் அறிந்தவர்கள்தான் மட்டக்களப்பில் அதிகம். சந்தையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிப் பார்த்து, "இது இண்டைக்கு வந்ததா?" என்று கேட்பாள். மூன்று கடை தள்ளி நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். "நியூஸ் வாசிக்கிற செசீலியா அக்காவா?" என்று கிட்ட வருவார். திரையில் அவள் கண்ணாடி போடுவதில்லை. தெருவில் கண்ணாடி இல்லாமல் நடக்க ஏலாது. அதனால் முகம் பிடிபடாது. வாயைத் திறந்தால் மட்டும் தப்ப முடியாது.

அந்தக் குரல் முதன்முதல் ஊருக்குக் கேட்டது கடல் பொங்கி வந்த வருடத்தில். தாண்டவன்வெளியில் பாலர் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தவள், அகதி முகாமாகிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் உதவிக்கு நின்றாள். காணாமற்போனவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. வாசிக்கத் தொடங்கிய இரண்டு பேரும் பாதியில் அழுதுகொண்டு எழும்பிப் போய்விட்டார்கள். செசீலியா உட்கார்ந்து நாற்பது நிமிடம் வாசித்தாள். பெயர், வயது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு. ஒரு பெயரும் அவள் வாயில் தடக்கவில்லை.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஜொய்சன் வயர் சுருட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மெதடிஸ்ட் கோயிற் பையன், அவளைவிட நான்கு வயது இளையவன்.

"அக்கா, உங்கட குரல் கொஞ்சமும் நடுங்கல்லையே" என்றான்.

"வீட்ட போய் நடுங்குவன் தம்பி."

எட்டு வருடம் கழித்து ஜொய்சன் 'தோணி டிவி' என்று ஒரு சின்னத் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது முதலில் அவளுடைய வீட்டுக் கதவைத்தான் தட்டினான். கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடம், இரண்டு கமரா, நீலத் துணி கட்டிய சுவர். பின்னேரம் ஆறரை மணிக்கு அரை மணி நேரச் செய்தி. வாவியின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், ஓட்டமாவடி தொடக்கம் வெல்லாவெளி வரைக்கும், கொழும்புத் தொலைக்காட்சிகள் எட்டிப் பார்க்காத கதைகளைத் தோணி டிவி சொன்னது. ஆனை உடைத்த வீடு, தண்ணி வராத வாய்க்கால், டொக்டர் வராத கிராமத்து ஆஸ்பத்திரி.

தொடங்கிய மூன்றாம் வருடம் ஒரு காணிப் பிரச்சினைச் செய்தி போனது. அடுத்த நாள் இரண்டு பேர் மாடிப்படி ஏறி வந்து, "இதை வாசிச்ச பொம்பிளை எங்க?" என்று கேட்டார்கள். செசீலியா உள்ளே இருந்தாள். ஜொய்சன் எழும்பிக் கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அவவுக்கு இதில ஒண்டும் தெரியா. எழுதினது நான். கேக்கிறதெல்லாம் என்னட்டக் கேளுங்க."

அவனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று அவன் சொல்லவேயில்லை. வந்த உடனே ஆறரைச் செய்தியை எழுத உட்கார்ந்தான். அன்றைக்குப் பிறகு ஜொய்சன் எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்லைக்கூட அவள் சந்தேகித்ததில்லை. கூடப்பிறந்த தம்பி இருந்திருந்தாலும் இவ்வளவுதான் நம்பியிருப்பாள்.

கஜானி அந்த மாடிப்படி ஏறி வந்தது போன வருடம் வைகாசியில். குருக்கள்மடத்துப் பெண். வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து விற்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, எங்கட கரையில கிரவல் மண் கொட்டி வாவிய நிரப்புறாங்க. ஒரு நாளைக்கு முப்பது டிப்பர். தண்ணிக்குள்ள நிக்கிற கண்ணா மரமெல்லாம் பெக்கோ மெசினால புடுங்கியாச்சு. அந்த வேருக்குள்ளதான் இறால் குஞ்சு இரிக்கிற. ஹோட்டல் கட்டப் போறாங்களாம். போகாத கந்தோர் இல்ல. எல்லாரும் எழுதித் தா எண்டு வாங்கி வைக்கிறாங்க."

பன்னிரண்டு வருடமாகச் செய்தி வாசித்தவள் அன்றுவரை ஒரு செய்திக்கும் தானாக வெளியில் போனதில்லை. அன்றைக்கு ஏனோ போனாள். கமராக்காரன் ஸாஹிரின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறி, கல்முனை வீதியால் குருக்கள்மடத்துக்குப் போய் இறங்கினாள். ஸாஹிர் காத்தான்குடிப் பொடியன். கலியாண வீடியோ எடுத்துப் பழகிய கை. டிப்பர் வந்து கொட்டுவதை எடுத்தான், தண்ணீருக்குள் சரிந்து கிடந்த மரங்களை எடுத்தான். கஜானியைக் கமராவுக்கு முன்னால் நிறுத்தியபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"முகத்தைக் காட்டினா எனக்கு ஒண்டும் வராதா அக்கா?"

"நான் இரிக்கன்தானே" என்றாள் செசீலியா.

அந்தச் சொல்லை அவள் யோசித்துச் சொல்லவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவிக் கொடுக்கிறது போல வாயில் வந்தது. கஜானி அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்திப் பேசினாள். நன்றாகப் பேசினாள்.

செய்தி மூன்று நாள் போனது. நாலாம் நாள் டிப்பர்கள் வரவில்லை. குருக்கள்மடத்திலிருந்து ஒரு பை நிறைய இறால் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் பங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். ஜொய்சன், "அக்கா, இனி உங்கள நான் ஸ்டூடியோவுக்க பூட்டி வைக்கேலா" என்று சிரித்தான்.

கடிதம் அடுத்த மாதம் வந்தது.

தோணி டிவி நடப்பது ஒரு அனுமதிப்பத்திரத்தில். பெயர்தான் பத்திரம். உண்மையில் அது கொழும்பிலிருந்து கையெழுத்தோடு வருகிற ஒரு தாள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எந்த வருடமும் விண்ணப்பம் போனால் ஒரு மாதத்தில் பதில் வந்துவிடும். இந்த முறை பதில் வேறு மாதிரி இருந்தது. 'தங்கள் ஒளிபரப்புத் தொடர்பாகக் கிடைத்த முறைப்பாடுகள் பரிசீலிக்கப்படும் வரை புதுப்பித்தல் பற்றித் தீர்மானிக்க முடியாதுள்ளது. விளக்கமளிக்க நேரில் சமுகமளிக்கவும்.' முறைப்பாடு என்ன, செய்தது யார் என்று அதில் ஒரு வரி இல்லை. கடைசித் திகதி மட்டும் இருந்தது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் ஒளிபரப்பு சட்டவிரோதம். வந்து கருவிகளைக் கழற்றிக்கொண்டு போவார்கள்.

ஜொய்சன் மூன்று தரம் கொழும்புக்குப் போனான். முதல் தரம் பொருமிக்கொண்டு வந்தான். "நாங்க என்ன களவெடுத்தா புடிபட்டம்?" இரண்டாம் தரம் பேசாமல் வந்தான். மூன்றாம் தரம் வந்தபோது நல்ல உற்சாகமாக இருந்தான். பஸ்ஸால் இறங்கி நேரே அலுவலகம் வந்து, செசீலியாவுக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

"சரிவந்திட்டுது அக்கா. ஒரு வருத்தம் தெரிவிக்கச் சொல்லுறாங்க. ரெண்டு வரி. அவ்வளவுதான்."

"அந்த இறால் செய்திக்கா?"

"ஓம்."

அவள் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தாள். பதினாறு பேர் வேலை செய்கிற இடம். "வருத்தம் எண்டா சொல்லுவம் தம்பி. மன்னிப்புக் கேட்டு ஆரும் செத்ததில்ல. ஆனா பொய்ச் செய்தி எண்டு மட்டும் சொல்லேலா. அந்தப் பிள்ள என்னை நம்பித்தான் முகத்தைக் காட்டினது."

"அப்பிடிச் சொல்லுவனா அக்கா? என்னை உங்களுக்குத் தெரியாதா?"

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைச் செய்தியில் அது போவதாக முடிவானது. வழக்கமாக ஐந்தரை மணிக்குச் செய்தித் தாள்கள் அவள் கைக்கு வரும்; ஒரு தரம் வாய்விட்டு வாசித்துப் பார்ப்பாள். அன்றைக்கும் வந்தது, அந்தக் கடைசித் தாளைத் தவிர. "லோயர் கடைசியாப் பாத்து அனுப்புறன் எண்டவர். நேரே ஸ்கிறீன்ல போட்டுவிடுறன், ரெண்டு வரிதானே" என்றான் ஜொய்சன். அவள் தலையாட்டினாள்.

கமராவுக்கு முன்னால் ஓடுகிற அந்தத் திரையில் எழுத்துகள் பெரிதாக இருக்கும், கண்ணாடி இல்லாத கண்ணுக்காக. அதனால் ஒரு நேரத்தில் மூன்று வரிகள்தான் தெரியும். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிப் பார்க்க முடியாது. வரியைக் கண் எடுக்க எடுக்க வாய் சொல்லிக்கொண்டு போகும். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"வாவிக்கரை நிரப்பப்படுவது தொடர்பாக எமது தொலைக்காட்சியில் ஒளிபரப்பான செய்தியினால் ஏற்பட்ட அசௌகரியங்களுக்காக வருந்துகின்றோம்" என்று வாசித்தாள். இரண்டு வரி முடிந்தது. திரை நிற்கவில்லை.

"குறித்த செய்தி உண்மைக்குப் புறம்பானது என்பது தற்போது தெரியவந்துள்ளது. அதில் கருத்துத் தெரிவித்த குருக்கள்மடத்தைச் சேர்ந்த கஜானி என்பவர், தனிப்பட்ட பகைமை காரணமாகத் தாம் பொய் கூறியதை ஒப்புக்கொண்டுள்ளார்."

வாசித்துவிட்டாள். 'பொய்' என்ற சொல்லில் அவளுடைய மனம் எழும்பிவிட்டது, ஆனால் வாய் அதற்கு முன்னால் போய்விட்டது. வசனத்தின் முடிவில் இறக்க வேண்டிய இடத்தில் குரலை இறக்கினாள். விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள். "இத்துடன் செய்திகள் நிறைவடைகின்றன. வணக்கம்" என்று, எல்லா நாளும் சிரிக்கிற சிரிப்பையும் சிரித்தாள்.

விளக்கு அணைந்தது. கமராவுக்குப் பின்னால் ஸாஹிர் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"உனக்குத் தெரியுமா ஸாஹிர்?"

"பின்னேரம் ஸ்கிறீன்ல ஏத்தக்குள்ள பாத்தன் மிஸ்."

"பாத்திட்டு?"

அவன் குனிந்து வயரைச் சுருட்டத் தொடங்கினான். அவனுக்கு வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய இரண்டு குமர்த் தங்கச்சிமார் இருந்தது அவளுக்குத் தெரியும். அதனால் அவனை ஏசவும் வாய் வரவில்லை.

ஜொய்சன் தன் அறையில் கதவைத் திறந்தபடி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தான். ஒளிந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கஜானி எப்ப ஒப்புக்கொண்டது?" என்று கேட்டாள்.

"அக்கா, இருங்க முதல்ல."

"எப்ப எண்டு கேக்கன்."

"அவங்க எழுதித் தந்தது அது. ஒரு எழுத்து மாத்தேலா எண்டாங்க. நான் கெஞ்சிப் பாத்தன்."

"எப்ப தந்தாங்க?"

ஜொய்சன் மேசையில் கிடந்த பேனையை எடுத்து வைத்தான். "போன திங்கள்."

செவ்வாய்க்கிழமை அவன் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி அவளுக்கு ஞாபகம் வந்தது. பால் அதிகமாக, அவளுக்குப் பிடித்த மாதிரி.

"நீ வாசிச்சிருக்கலாமே. அந்தச் சின்னப் பிள்ள றஜனி இரிக்கு, அவள வாசிக்க வச்சிருக்கலாமே. ஏன் என்னை?"

"அதே குரல்ல வரவேணும் எண்டு சொல்லிட்டாங்க அக்கா. வேற ஆரும் வாசிச்சா சனம் நம்பாதாம். உங்களுக்கு முன்கூட்டிச் சொன்னா நீங்க மாட்டன் எண்டிருப்பீங்க. பதினாறு குடும்பம். நான் என்ன செய்யிற? சொல்லுங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் மிச்சக் கோபத்தையும் உறைய வைத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். பிறகு அந்தப் படியில் அவள் ஏறவில்லை.

வீட்டில் அவளுடைய புருஷன் றோய் செய்தியைப் பார்த்திருந்தான். பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன், அதிகம் கதைக்காத ஆள். சாப்பாட்டைப் போட்டு அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னான்: "எழுதினது ஆரோ. நீ வாசிச்சது மட்டும்தானே."

"எழுதினவன ஆரு பாத்த?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை டிப்பர்கள் திரும்பி வந்தன. அவள் வாசித்த அந்த முப்பது விநாடித் துண்டு ஃபோனுக்கு ஃபோன் பறந்தது. கம்பனிக்காரர்கள் அதைக் காட்டியே, தங்கள் பெயரைக் கெடுத்ததாகக் கஜானிமேல் முறைப்பாடு போட்டார்கள். கரையில் அவளோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மீனவர் சங்கத்தில் அவளைக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செசீலியா புதன்கிழமை குருக்கள்மடத்துக்குப் போனாள். கஜானி வாசலில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கதிரை எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவருக்குச் செய்கிறதையெல்லாம் செய்துவிட்டு, தூணில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"நான் ஒப்புக்கொண்டனாம் அக்கா. எந்த இடத்தில வச்சு ஒப்புக்கொண்டன்? சொல்லுங்க, எனக்கும் தெரியவேணும்."

"என்னை ஏமாத்திட்டாங்க கஜானி. எனக்கு முன்கூட்டிக் காட்டல்ல."

"உங்கள ஏமாத்தினது உங்கட ஆக்கள். என்னை ஏமாத்தினது நீங்க." அவள் சத்தம் போடவில்லை. "என்ர மாமி என்ன கேட்டா தெரியுமா? பக்கத்து வளவுக்காரி இல்ல, என்ர சொந்த மாமி. செசீலியா சொன்னா அது பொய்யா இரிக்குமா புள்ள, உண்மையச் சொல்லு, நீ என்ன செஞ்ச எண்டு கேட்டா. என்ர சொல்லுக்கு மேல உங்கட சொல்லு நிக்கிது. என்ர வீட்டுக்குள்ளயே."

செசீலியா தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நான் திருத்திச் சொல்லுறன்" என்றாள்.

"எங்க சொல்லுவீங்க?"

அந்தக் கேள்விக்கு விடை அவ்வளவு இலேசில் கிடைக்கவில்லை. கொழும்பில் பெரிய தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றில் அவளுக்குத் தெரிந்த செய்தி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார், கவலைப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்கட லைசனும் மார்கழியோட முடியுது" என்றார். இன்னொரு இடத்தில், "ஆதாரத்தோட எழுதி அனுப்புங்க, பாப்பம்" என்றார்கள். அனுப்பினாள், பார்த்தார்களோ தெரியாது. மூன்றாம் இடத்தில் ஃபோனே எடுக்கவில்லை. எந்த நிலையத்தையும் யாரும் மூடவில்லை, எந்தச் செய்தியையும் யாரும் தடைசெய்யவில்லை. ஒரு திகதி மட்டும் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருந்தது. அது போதுமாயிருந்தது.

கடைசியில் ஸாஹிர்தான் வந்தான். வேலை முடிந்த கையோடு, அவள் வீட்டு முற்றத்தில் அவளை உட்கார வைத்துத் தன் ஃபோனில் படம் பிடித்தான். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதை ஃபேஸ்புக்கில் போட்டார்கள். முந்நூறு பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் கீழே எழுதினார்கள்: 'வேலையால நிப்பாட்டின கோவம்.'

கஜானிமேல் போட்ட முறைப்பாடு மத்தியஸ்த சபைக்கு வந்தது. சனிக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னச் சின்னச் சச்சரவுகளைக் கதைத்துத் தீர்க்கிற இடம். வேலி வழக்கு, கோழி வழக்கு எல்லாம் வரிசையில் இருந்தது. செசீலியா ஒரு சட்டத்தரணியிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்து எடுத்துக்கொண்டு, கூப்பிடாமலே போய் நின்றாள். தலைமை மத்தியஸ்தர் ஓய்வுபெற்ற அதிபர். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஆறரைக்குக் கேட்ட குரல்.

அவள் எழுந்து நின்று கடதாசியை வாசித்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

அதிபர் நெற்றியைத் தடவினார். "அம்மா, குறை நினைக்காதீங்க. நீங்க டிவியில ஒண்டு சொன்னீங்க. இஞ்ச வேறொண்டு சொல்லுறீங்க. நாங்க எதை எடுக்கிற?"

"அது எனக்கு எழுதித் தந்தது ஐயா. இது நான் எழுதினது."

"அங்க இப்பிடித் தடுமாறல்லையே."

அவள் கடதாசியை மடித்தாள். அப்போது கம்பனியின் ஆள் எழுந்தான். சேர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தாங்கள் இந்த விசயத்தை மேலும் இழுக்க விரும்பவில்லை, முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகச் சொன்னான். ஏன் என்று அதிபர் கேட்டதற்கு, "எங்கட வேலை முடிஞ்சுது ஐயா. நிரப்பியாச்சு. இனி அந்தப் பிள்ளையோட எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல" என்றான். உண்மையிலேயே கோபம் இல்லாமல்தான் சொன்னான்.

வெளியில் வேப்பமரத்தடியில் கஜானி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். செசீலியா கிட்டப் போனாள்.

"நீங்க வந்து சொன்னது நல்லது அக்கா" என்றாள் கஜானி. "நான் மறக்க மாட்டன். ஆனா உள்ளுக்க இரிந்தது பத்துப் பேர்." பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போறன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பகையாளிகூட 'வாறன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவான். செசீலியா அந்தச் சொல்லைக் கேட்டபடி பஸ் வந்து, ஆள் ஏறி, பஸ் போகும்வரை அங்கேயே நின்றாள்.

இப்போது அவள் மறுபடியும் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். கோயிலில் வாசகம் வாசிக்கப் பாதர் இரண்டு தரம் கேட்டார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். தோணி டிவிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது, ஒரு வருடத்துக்கு. செய்தியை றஜனி வாசிக்கிறாள். வாவிச் செய்திகள் அதில் அனேகமாக வருவதில்லை, சமையற்போட்டி வருகிறது. நத்தார்ப் பண்டிகைக்கு ஜொய்சன் ஸாஹிரிடம் கேக் கொடுத்துவிட்டான். றோய் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "கேக் என்ன குத்தம் செஞ்சது?" என்று கேட்டான். அவள் மூடிக் கட்டித் திருப்பி அனுப்பினாள்.

போன கிழமை ஒரு நாள், பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்த நேரம் ஃபோன் அடித்தது. ஜொய்சன். எடுக்கிறதா விடுகிறதா என்று யோசித்து, எடுத்தாள். அவன் குரல் வறண்டிருந்தது.

"அக்கா, திரும்பவும் கடிதம் வந்திரிக்கு. விளக்கமளிக்க வரட்டாம். நாங்க ஒண்டுமே போடல்லையே அக்கா, ஒரு வருசமா ஒண்டுமே போடல்லையே. ஆரிட்டச் சொல்லுற எண்டு தெரியல்ல, அதான் உங்களுக்கு எடுத்தன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த முறை ஆரிட குரலக் கேக்காங்க?" என்றாள்.

பிள்ளைகள் கோப்பையைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் ஃபோனை வைத்துவிட்டுப் பாலை ஊற்றப் போனாள்.